கடிபட்ட வடை

மாந்தோப்பூர் ராஜா பூபாலவர்மருக்கு மடியில் காசு கனத்தால் பிடிக்காது. ஊருக்கெல்லாம் செப்பு வில்லை அடித்துக் கொடுத்துவிட்டார். வில்லையைக் காட்டினால் கடைக்காரர் சரக்கைத் தரவேண்டும். வாங்கியவர் மாதக் கடைசியில் அரண்மனையில் பணம் கட்டுவார். அதிகாரி வேங்கடராயர் தம் கூலியை எடுத்துக்கொண்டு மீதியைக் கடைக்குக் கொடுப்பார். நூற்றுக்கு இரண்டு என்று ஆரம்பித்தார் மனுஷன். அது ஐந்தாச்சு, அப்புறம் பத்தாச்சு!

வடைக்கடைச் செங்கமலம் நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"எண்ணெய் தெறிக்கிறது என் கையில, காசு சேர்றது இவரு மடியிலயா? வில்லை வேண்டாம்னா கடைக்கு ஒரு ஆளும் வரமாட்டேங்குது. நாளன்னிக்கு அடுப்பை அணைச்சிடுவேன், மகாராஜா!"

ராஜாவுக்குத் திக்கென்றது. அவள் வடை இல்லாமல் அவருக்குப் பொழுதே விடியாது.

ராயர் அசரவில்லை. "வில்லை அடிக்கணும், காவல் போடணும். எவ்வளவு கூலி எடுக்கணும்னு எனக்குத்தானே தெரியும்?"

"அதுவும் சரிதான்..." ராஜா தலையைச் சொறிந்தபடி விகடகவி சூடாமணியைப் பார்த்தார். "நீ என்னய்யா சொல்றே?"

"நாளைக்குக் காலைப் பலகாரம் என் பொறுப்பு. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் சபையிலேயே தட்டு வந்தது. ராஜா ஆசையாக மூடியைத் திறந்தார். உள்ளே நகம் அளவு ஒரு துணுக்கு!

"அடப்பாவி! வடை எங்கே?"

"கிளம்பும்போது முழுசாத்தான் இருந்தது. தூக்கிட்டு வந்தவர் கூலிக்கு ஒரு கடி. வாசல்காரர் ஒரு கடி. சூடு பார்த்த அதிகாரி ஒரு கடி."

"நடுவில் இருந்த ஓட்டையைக்கூடக் காணோமே!"

"அதை மட்டும் யாரும் கடிக்கலை, மகாராஜா. அங்கேயேதான் இருக்கும், நல்லாப் பாருங்க."

"இவ்வளவு பெரிசாக் கடிக்கச் சொன்னது யாரு?"

"கடிச்சவங்களேதான். எவ்வளவு கடிக்கணும்னு அவங்களுக்குத்தானே தெரியும்?"

சபை மொத்தமும் ராயரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மீசையில் ஒரு கறிவேப்பிலை!

ராஜாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சுமக்கிறவனுக்குக் கூலி உண்டு. ஆனா கடிக்கிறவன் அளவு சொல்லக்கூடாது. இனி நான் சொல்றேன். எழுதுங்கய்யா!"

சூடாமணி ஓடிவந்து சுடச்சுட இன்னொரு வடைத்தட்டை நீட்டினான். "முதல்ல சாப்பிடுங்க, மகாராஜா. பசியோட இருந்து அளவு சொன்னா மறுபடியும் பெரிய கடிதான் வரும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒன்பது வடை தின்று ஏப்பம் விட்டுச் சொன்னார்: "நூற்றுக்கு ஒண்ணு. அதுக்குமேல ஒரு துணுக்குக்கூடக் கிடையாது!"

சபை ஓரத்தில் நின்ற செங்கமலம் அங்கேயே குலவை போட்டாள்.

"சூடாமணிக்கு ஒரு பை பொன்! ராயரே, அவன் வீட்டுக்கு அனுப்பி வையும்!"

"ஐயையோ, அனுப்பவேண்டாம் மகாராஜா!" சூடாமணி இரண்டு கையையும் நீட்டினான். "நானே வாங்கிட்டுப் போறேன்!"