வாசனை பார்த்த சாமி

மேலோடைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கையெல்லாம் மணத்தது. அப்படியும் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது.

கை மணத்ததற்குக் காரணம் தாண்டவன். மலையடிவார மடத்துச் சீடன்; ஊர்க்காரர்களுக்குச் 'சாமி'. நாற்பதைத் தொடுகிற வயது. மடத்தில் வைத்தியம் பார்க்கும் குருதான் அவனை அந்த ஊருக்கு அனுப்பியிருந்தார், பிள்ளைகளுக்குக் கை கழுவவும் நகம் வெட்டவும் சொல்லிக்கொடு என்று.

கொடுத்தான். குறை சொல்ல முடியாது. பாட்டுக்கூடக் கட்டினான்.

அதோடு விட்டிருக்கலாம். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை மோந்து பார்க்க ஆரம்பித்தான். சோப்பு வாசனை வந்தால் உள்ளே. வராவிட்டால் புளியமரத்தடி.

"வயிற்றால போறது யாருக்கு வரும்?" என்பான்.

"அழுக்குப் பிள்ளைக்கு" என்று வரிசை கத்தும்.

எல்லாரையும்விட மணத்த கைக்குப் பரிசும் கொடுத்தான். ஒரு புது சோப்பு. வாங்கியவள் வெள்ளத்தாய் என்கிற சிறுமி.

ஒரு நாள் காலையில் குரு வந்தார். வழியில் யாருடைய வண்டியோ சேற்றில் இறங்கியிருந்தது. தள்ளிவிட்டு, முழங்கை வரை சேறோடு வந்தவர் நேராகப் போய் வரிசையில் நின்றார்.

மோந்துகொண்டே வந்த தாண்டவன் குருவின் முன்னால் நின்றுவிட்டான்.

"ஐயா, நீங்க உள்ள வாங்க."

"மோந்து பாரு."

"ஐயா..."

"வாசனை வருதா?"

"வரல."

"வரலைன்னா என்ன சட்டம்?"

பக்கத்தில் நின்ற வாண்டு சொன்னது: "புளியமரம்."

குரு போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. அதில் சடச்சி என்ற பெண் பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தாத்தா, இங்க புதுசா?"

"ஆமா."

"உங்க வீட்லயும் சோப்பு இல்லையா?"

"இருக்கு. வழியில தண்ணிதான் கிடைக்கல."

"உள்ள போறதுக்குத் தண்ணி எதுக்கு? சோப்பு சுத்தின தாள்ல விரலைத் தேய்ச்சாப் போதும். வெள்ளத்தாயி அப்படித்தான் பண்ணுவா. எனக்கும் தேய்ச்சு விடறேன்னா. இன்னிக்கு ஆளக் காணோம்."

"எங்க போனா?"

சடச்சி பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாள். "சாமிகிட்டச் சொல்லிருவீங்களா?"

"நானே வெளிய உட்கார்ந்திருக்கேன்."

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நேத்துலருந்து அவளுக்கு வயித்தால போகுது. வாந்தி வேற. கண்ணு உள்ள போயிருச்சு தாத்தா. வெளிய சொன்னா தோலை உரிச்சிருவேன்னு அவ அம்மா சொல்லிருச்சு. பரிசு வாங்கின பிள்ளைக்கே இப்படின்னா ஊர் சிரிக்குமாம்."

குரு எழுந்தார்.

"வீட்டைக் காட்டு. தாண்டவா, வா."

வீட்டு வாசலை வெள்ளத்தாயின் அம்மா மறித்துக்கொண்டு நின்றாள்.

"காய்ச்சல்தான் சாமி. வெறும் காய்ச்சல்."

"வழி விடு தாயி."

பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. குரு கையைக் கழுவிவிட்டு அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். கிள்ளிய இடம் உடனே படியவில்லை; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

"தண்ணி குடுத்தியா?"

"குடிச்சா இன்னும் போகும்னு நிறுத்திட்டேன்."

குரு திட்டவில்லை. தெருவில் போன ஒருவரை நர்சம்மாவை அழைத்துவரச் சைக்கிளில் விரட்டினார். காய்ச்சி ஆறிய தண்ணீர் கேட்டார். உப்பு கேட்டார், சர்க்கரை கேட்டார்.

"நீ கலக்கு" என்றார் தாண்டவனிடம். "முதல்ல கையைக் கழுவு. சோப்புப் போட்டு."

தாண்டவன் சோப்பைத் தேடினான். சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. குங்குமப் பொட்டு வைத்திருந்தது. தாள்கூடப் பிரிக்கவில்லை.

"பிரிக்கலையா?"

"நீங்க குடுத்த பரிசு சாமி. தேய்ச்சாக் கரைஞ்சிரும்ல" என்றாள் அம்மா.

தாண்டவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம் அழலாம். பிரி" என்றார் குரு.

கரண்டி கரண்டியாக ஊட்டினான். பிள்ளை கக்கியது. துடைத்துவிட்டான். சற்று நேரம் விட்டு மறுபடி ஊட்டினான். நர்சம்மா வந்து, பாக்கெட்டில் கொண்டுவந்த உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்து, இதையே விடாமல் கொடுக்கச் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணுக்குப் போகணும். போகலைன்னா ஜீப்பில தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிதான்."

ஜீப் வந்து வாசலில் நின்றது. தாண்டவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை.

வெயில் சுவரிலிருந்து இறங்கும் நேரம். துணி மாற்றவென்று ஆண்களைத் திண்ணைக்கு அனுப்பியிருந்த அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"சாமி, பிள்ளை ஒண்ணுக்குப் போயிட்டா. பாயெல்லாம் நனைச்சிட்டா."

"நனைக்கட்டும்" என்றார் குரு. சிரித்தார். நர்சம்மா பிள்ளையின் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஜீப்பைப் போகச் சொன்னார். தாண்டவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

உள்ளே பிள்ளை கஞ்சி கேட்கிற சத்தம் வந்தது. தொட்டுக்க ஊறுகாயும் கேட்டது. அம்மா அதட்டினாள். நேற்றிலிருந்து அவள் பிள்ளையை அதட்டியது அப்போதுதான்.

குருவும் தாண்டவனும் தெருவில் இறங்கினார்கள்.

"ஐயா, நான் மடத்துக்கே வந்துடறேன்."

"எதுக்கு?"

"நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தப்பாப் போச்சு."

"கை கழுவச் சொன்னது தப்பா?"

"இல்ல."

"அப்ப அதையே சொல்லு. நாளைக்கு எல்லாரையும் உள்ள கூப்பிட்டு, தண்ணிப் பானையை நடுவுல வச்சுச் சொல்லு."

"மோந்து பார்க்க வேண்டாமா?"

"நீ என்ன நாயா?"

தாண்டவன் சிரித்துவிட்டான். காலையிலிருந்து முதல் தடவை. கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான்:

"வயிறு சரியில்லைன்னா உடனே வந்து சொல்லணும்னு நாளைக்குப் பிள்ளைகள்கிட்டச் சொல்லப் போறேன் ஐயா."

"யார்கிட்ட வந்து சொல்லணும்?"

"என்கிட்டத்தான்."

"உன்கிட்ட வரமாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு வரமாட்டாங்க."

தாண்டவன் நின்றான். "பிறகு யார்கிட்டப் போகச் சொல்லட்டும்? உங்ககிட்டயா? நர்சம்மாகிட்டயா?"

குரு நடந்துகொண்டே சொன்னார்:

"சடச்சிகிட்ட."