மேலிடம் எங்கே இருக்கிறது?

“மதகைத் தூக்குடா சடையா! கரை கசியுது, உடைஞ்சா எங்க தெருவே…”

“மேலிடத்து உத்தரவு வரட்டும் ஆச்சி, நான் என்ன…”

“மேலிடமாவது கீழிடமாவது! கண்ணு தெரியலையா உனக்கு?”

“தெரியுது. தன்னால தெறந்தா என் தலை போயிடுமே, அது உங்களுக்குத் தெரியுதா?”

ஏரிக்கரையில் இப்படி மல்லுக்கு நின்றவள் கீழத்தெருப் பேச்சாயி. சடையன் மதகுக்காரன். பேச்சாயியின் தம்பி தாண்டவன் அரண்மனை விகடகவி. பக்கத்தில் நின்ற அவனுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. அரண்மனைக்கு ஓடினான்.

முன்னொரு காலத்தில் என்பார்களே, அந்தக் காலத்தில் அந்த நாடு எங்கோ இருந்த பேரரசர் ஒருவருக்கு அடங்கிக் கிடந்தது. மதகைத் திறப்பதானாலும் அடைப்பதானாலும் அங்கிருந்து ஓலை வரும். ஓலையின் தலைப்பில் ‘மேலிடத்து உத்தரவு’ என்றிருக்கும். போன அறுவடையோடு பேரரசரின் ஆட்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். ஊரெல்லாம் தோரணம், பாயசம். சொந்த அரசர் சிங்காதனம் ஏறினார். ஓலை மட்டும் வரவில்லை.

சேதி கேட்டதும் சபையிலும் சண்டைதான்.

“நீர் என் பொறுப்பு. என் ஆணை வேண்டும்” என்றார் அமைச்சர் அளகேசர்.

“மதகுப் பலகை மரம். மரம் என் பொறுப்பு!” என்றார் படைத்தலைவர்.

தாண்டவன் மூச்சிரைக்க நின்றான். “அரசே, தாங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்.”

அரசர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “மேலிடம் என்ன சொல்கிறது?”

அரசரின் முகம் சிவந்தது.

தாண்டவன்மேல் நெடுநாளாய்ப் பொருமிக்கொண்டிருந்த அளகேசருக்கு அது போதாதா? “மேலிடம் எது என்று விகடகவியே காட்டட்டும், பிரபு. தாங்கள்தாம் என்றால், தாங்கள் கேட்ட கேள்வியைப் பழித்ததாகும். வேறு யாரையேனும் காட்டினால் ராஜத்துரோகம்.”

“காட்டு, தாண்டவா” என்றார் அரசர். “இல்லையேல் இந்நாட்டில் உனக்கு இடமில்லை.”

“காட்டுகிறேன், அரசே. ஆனால் அது இங்கே வராது. நாம்தான் போகவேண்டும்.”

மழையில் பல்லக்கு ஏரிவரை வந்தது. கரைச்சரிவில் ஏறவில்லை. அரசர் இறங்கி, சேற்றில் வழுக்கி, தாண்டவனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் அளகேசர் தவழ்ந்தே வந்தார்.

“எங்கேயடா மேலிடம்?”

“நிற்கிறீர்களே அரசே, இதுதான். நம் நாட்டில் இதைவிட மேடான இடம் கிடையாது. மேலே இருப்பதுதானே மேலிடம்?”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கீழே பார்த்தார். காலடியில் தெரு. கூரைகளின்மேல் கோழிக்கூடு, நெற்பானை, ஒரு தொட்டில். சிரிப்பு பாதியில் நின்றது.

“திற” என்றார்.

“யாரு உத்தரவுன்னு…” என்று இழுத்தான் சடையன்.

“மேலிடத்து உத்தரவு!”

பலகை எழுந்தது. தண்ணீர் ஆற்றுப்பக்கம் இரைந்து ஓடியது. அரசர் தம் பட்டுச் சால்வையைத் தாண்டவனுக்குப் போர்த்தினார். “அளகேசரே, சேறு உமக்கு நன்றாகவே பொருந்துகிறது” என்று சொல்லி, மறுபடியும் சிரித்துக்கொண்டே இறங்கத் திரும்பினார்.

பேச்சாயி வழியில் நின்றாள்.

“ராசா, நீங்க எறங்கிப் போயிட்டா, அடுத்த மழைக்கு மேலிடம்னு நாங்க யாரப் போயி கேக்கிறது?”