ஒரு விசில்னா நில்லு

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு இருந்துச்சாம், தேனு. ஜன்னல் உண்டு, கதவு கிடையாது. அதை ஓட்டுற டிரைவர் மாரப்பன் திரும்பியே பார்க்கமாட்டான். காதுல விசில் விழுந்தாத்தான் வண்டி நகரும். "ம்" கொட்டுடி, இல்லேன்னா அத்தை எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம். விசில்னா இங்கிலீஷா அத்தை?"

ஆமா. அந்தக் காலத்துல எவனோ வெள்ளைக்காரன் உதட்டைக் குவிச்சு ஊதியிருக்கான், விஸ்ஸ்ஸ்னு காத்து வந்துருக்கு. வேற பேரு யோசிக்கச் சோம்பேறித்தனம். வந்த சத்தத்தையே பேரா வச்சுட்டான். பேருதான் அவனோடது, அர்த்தம் நம்ம கண்டக்டருங்க வச்சது. ஒரு விசில்னா நில்லு, ரெண்டுன்னா போ.

"ம்."

அப்புறம், அந்த பஸ் ஸ்டாண்டு புளியமரத்துல ஒரு மைனா. பொழுதன்னைக்கும் விசிலைக் கேட்டுக் கேட்டு அதுவும் அச்சு அசலா அடிக்கும். ஆனா சத்தம்தான் தெரியும், அர்த்தம் அதுக்கு என்ன தெரியும், சொல்லு?

ஒரு நாள் நல்ல வெயில். பஸ்ஸு வந்து நின்னு எல்லாரும் இறங்கிட்டாங்க. கண்டக்டர் செங்கோடன் டீ குடிக்கப் போயிட்டான். கீழ நின்ன கூட்டம் சீட் பிடிக்க ஜன்னலுக்கு ஓடுச்சு. துண்டு போடுவாங்க, பை போடுவாங்க, தெரியும்ல? பாவாயின்னு ஒரு ஆடு மேய்க்கிற பொண்ணு முதல் ஆளா ஓடி வந்தா. துண்டும் இல்ல, பையும் இல்ல. என்ன பண்ணினா தெரியுமா? இடுப்புல இருந்த பத்து மாசக் குழந்தையை ஜன்னல் வழியா சீட்ல வச்சுட்டா!

"ஐயோ!"

அவ படிக்கட்டுப் பக்கம் சுத்தி வர்றதுக்குள்ள, மரத்துல இருந்து... விஸ்! விஸ்! டர்ர்ர்ர்ர்னு பஸ்ஸு கிளம்பிருச்சு! உள்ள ஒரு ஈ காக்கா இல்ல, அந்தப் பச்சப்புள்ள மட்டும்தான். கதவும் இல்லாத வண்டி, எதிர்ல மலை வளைவு.

அப்போ கூட்டமே கத்துச்சு, "நிறுத்து! நிறுத்து!"ன்னு. டர்ர்ர்ர் சத்தத்துல எவன் காதுல விழும்?

அப்புறம் செங்கோடன் டீ கிளாஸைப் போட்டுட்டு ஓடினான். ஓடிக்கிட்டே ஒரு விசில் அடிக்கப் பார்த்தான். மூச்சு வாங்குச்சா, அது நடுவுல அறுந்து விஸ்... விஸ்னு ரெண்டா வந்துருச்சு. மாரப்பன் "சரி, போறேன்யா"ன்னு இன்னும் வேகமா மிதிச்சுட்டான்! பாவி மனுஷன்!

"அப்புறம்?"

அப்புறம் பாவாயி. ஓடினா, புடவை தடுக்கி தடால்னு விழுந்தா. விழுந்த இடத்துலயே மண்டி போட்டு, நாக்கை மடிச்சு, ரெண்டு விரலை வாயில வச்சா. பொம்பளைப் புள்ள விசில் அடிக்கலாமான்னு ஊரே ஏசுற ஊரு அது. அடிச்சா பாரு...

விஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

ஒண்ணே ஒண்ணு. கிரீச்! வளைவுக்குப் பத்தடி முன்னாடி பஸ்ஸு நின்னுருச்சு.

"குழந்தை, அத்தை?"

பிரேக் போட்டதுல உருண்டு சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. பாவாயி ஏறி இழுத்து எடுத்தா. அப்போதான் அது வீல்னு அழுதுச்சு. அழுகையைக் கேட்டதும் இவளுக்கு உசுரு வந்துச்சு. "என் தங்கமே, நான் மனுஷியா, நான் மனுஷியா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. மாரப்பன் அன்னிக்குத்தான் முதல் தடவையா திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் எல்லாரும் ஏறினாங்க. அந்த ஜன்னல் சீட்டுல மட்டும் ஒருத்தரும் உக்காரல. "உக்காரும்மா"ன்னு எத்தனை பேரு சொன்னாங்க! பாவாயி உக்காரவே இல்ல. குழந்தையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, மலை ஏறி இறங்குற வரைக்கும் நின்னுக்கிட்டே போனா.

என்னடி, "ம்" வரல? சரி, கதையும் ஊர் போய்ச் சேர்ந்துருச்சு. கண்ணை மூடிக்கோ தங்கம்.