மேலாளர் கேட்ட பூட்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள் பூவிழி. ஒருநாள் மேலாளர் சதாசிவம் அவளைக் கூப்பிட்டார்.

"வேலை நேரத்துல யார் வெளியே போனாலும் கணினியில பதியணும். பதிஞ்சதும் ஒப்புதல் கேட்டு எனக்குத் தகவல் வந்து விழணும். நான் ஒப்புதல் கொடுக்கிற வரைக்கும் கேட் திறக்கக் கூடாது. ஒருத்தருக்கும் விலக்கு கிடையாது. அவங்கவங்களுக்கு அவங்கவங்களே ஒப்புதல் போட்டுக்கவும் முடியக் கூடாது."

"அவசரம்னா சூப்பர்வைசரும் ஒப்புதல் தரலாமுங்களா சார்?"

"சொன்னதை மட்டும் செய்யும்மா."

சொன்னதை மட்டும் செய்தாள். மறுநாளே தையல்காரி ரங்கநாயகி, பள்ளியில் காய்ச்சலாகக் கிடந்த மகளை அழைத்துவர முடியாமல் கேட்டருகே அழுதுகொண்டு நின்றாள். மேலாளர் சாப்பிட்டு முடித்துச் செல்போனைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் டெல்லி விமானத்தைப் பிடிக்க மேலாளர் அவசரமாகக் கிளம்பினார். கேட் திறக்கவில்லை. செல்போனில் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். 'உங்களுக்கு நீங்களே ஒப்புதல் தர முடியாது' என்று வந்தது.

"பூவிழி, இதைத் திற!"

"எனக்கு அந்த அதிகாரம் நீங்க கொடுக்கலீங்களே சார். சூப்பர்வைசரும் தரலாம்னு எழுதிக் கொடுங்க, ரெண்டே நிமிஷத்துல மாத்திடறேன்."

"எனக்கு மட்டும் மாத்து!"

"ஒருத்தருக்கும் விலக்கு இல்லைன்னீங்களே. மாத்தினா எல்லாருக்கும்தானுங்க."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கார் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பூவிழி ரெண்டே நிமிஷத்தில் மாற்றினாள். சூப்பர்வைசர் மரகதம் பொத்தானை அழுத்தினாள், கேட் திறந்தது.

கார் சீறிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே, காலையிலிருந்து மேலாளரின் ஒப்புதலுக்காகப் பல்வலியோடு காத்திருந்த கட்டிங் மாஸ்டரும், மரகதம் மறுபடி பொத்தானை அழுத்த, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.