உலையை நிறுத்தச் சொன்னவர்

"இந்த இரும்பு சரியில்லை, மேடம்" என்றார் தணிகாசலம்.

மெர்சிலின் குனிந்து அவர் பற்றவைத்த இடத்தைப் பார்த்தாள். ஜாயின்ட்டின் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

நிலவுக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவர்களில் தணிகாசலத்துக்குத்தான் வயது அதிகம். அவசரமும் அதிகம். திருவெறும்பூர்ப் பக்கம் பட்டறை பட்டறையாகக் கொதிகலன் பற்றவைத்தவர். அவர் வைத்த ஜாயின்ட்டில் ஆவி கசிந்ததாக யாரும் சொன்னதில்லை. இதை மற்றவர்கள் சொல்லும்வரை அவர் காத்திருந்ததும் இல்லை.

மெர்சிலின் தூத்துக்குடிக்காரி. அவருக்கு மகள் வயது. காற்றில்லாத இடத்தில் உலோகத்தை ஒட்டவைக்கக் கற்றுத் தருவது அவள் பொறுப்பு. அவள் கற்றுத் தரும் லட்சணத்தில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். வாயைத் திறக்க மாட்டாள்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஓர் அறை. அதில் காற்றடைத்து மூடிவிட்டால் ஆட்கள் கவச உடையைக் கழற்றிக் கால் நீட்டிப் படுக்கலாம். அதுவரை வந்திறங்கிய விண்கலத்துக்குள்ளேயே முறைவைத்துத் தூங்கினார்கள்.

அறையின் கடைசித் தகடு தணிகாசலத்துக்கு. ஆனால் அதற்குமுன் மாதிரித் தகட்டில் விரிசலில்லாமல் ஒரு ஜாயின்ட் வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், கிளம்பத் தயாராக நிற்கும் இன்னொரு கலத்தில் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் போய் என்ன சொல்வது? அந்த நினைப்பு அவரை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

"நிலவு மண்ணை உருக்கி எடுத்த இரும்பு இது. இதுல என்னென்ன கலந்திருக்கோ, யார் கண்டா? பூமி இரும்பு குடுங்க மேடம். வச்சுக் காட்டுறேன்."

பூமித் தகடு அங்கே தங்கம் மாதிரி. அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருப்பார்கள். மெர்சிலின் போய் அதில் இரண்டை எடுத்து வந்து, தகடுகளைப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தில் பொருத்தினாள்.

தணிகாசலம் பற்றவைத்தார்.

விரிசல் விட்டது.

"அப்போ துப்பாக்கிதான் சரியில்லை" என்றார். வெல்டிங் துப்பாக்கியைத்தான் சொன்னார்.

மெர்சிலின் தன் இடுப்பில் தொங்கிய துப்பாக்கியைக் கழற்றி நீட்டினாள். அறையின் முக்கால்வாசி ஜாயின்ட்டுகள் அதில் வைத்தவைதான்.

அதிலும் விரிசல் விட்டது.

தணிகாசலம் கோபமாக அங்கும் இங்கும் நடந்தார். நிலவில் கோபமாக நடப்பது சுலபமில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பு துள்ளித் துள்ளி எழும்பும். ஒரு கோபக்காரருக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அப்படித் துள்ளிக்கொண்டிருந்தபோதுதான் தூரத்தில் நிலவு மண்ணை உருக்கும் உலை அவர் கண்ணில் பட்டது.

"அந்த உலைதான், மேடம்."

மெர்சிலின் திரும்பிப் பார்த்தாள்.

"ராவும் பகலும் மண்ணை அரைச்சு அரைச்சு உள்ள தள்ளுது. தரையே அதிருது. உருகினது இறுகுற நேரத்துல தகடு ஆடினா விரிசல் விடாம என்ன செய்யும்?"

மற்றவர்கள் எல்லோரும் அதே உலை ஓடும்போதுதான் பற்றவைத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் தணிகாசலம் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

மெர்சிலின் வாயைத் திறந்தாள்.

"ஆட்டம்ங்கது சரிதாம்ண்ணே."

"பாத்தீங்களா."

"உலையை நிறுத்தணுமா?"

"நிறுத்தணும்."

அவள் ரேடியோவில் உலைக்காரர் மாசிலாமணியைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கொதித்துப் போனார்.

"விளையாடுறீங்களாம்மா? இதுல இரும்பு மட்டுமா வருது? நீங்க இழுக்குற மூச்சும் இந்த மண்ணுலேர்ந்துதான் வருது."

"எவ்வளவு நேரம் தாங்கும்ண்ணே?"

"அரை மணி நேரம். அதுக்கு மேல போனா உள்ள இருக்குற குழம்பு கல்லாயிடும். உடைச்சுத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் காத்துக்கு எங்க போறது?"

"நிறுத்துங்க."

சற்று நேரத்தில் உலையின் வாயிலிருந்த வெளிச்சம் மங்கியது.

 இவ்வளவு தூரம் போவாள் என்று தணிகாசலம் நினைக்கவில்லை. சட்டென்று துப்பாக்கியை எடுத்தார்.

மெர்சிலின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரேடியோவை அணைச்சிருங்க. தலைக்கவசத்தைத் தகட்டுல ஒட்ட வச்சுக் கேளுங்க."

"எதைக் கேக்குறது? இங்கதான் காத்தே இல்லையே."

"காத்து இல்ல. இரும்பு இருக்குல்லா."

அவர் ரேடியோவை அணைத்தார். எப்போதும் பற்றவைக்கும் இடத்தில் எப்போதும்போல் நின்றுகொண்டு, கவசத்தின் நெற்றியைத் தகட்டில் சாய்த்தார். மெர்சிலின் எதிர்ப்பக்கம் போய்த் தன் கவசத்தைத் தகட்டில் சாய்த்தாள். அவள் குரல் இரும்பு வழியாக வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல இருந்தது.

"என்ன கேக்குது?"

"நீங்க பேசுறது."

"வேற?"

தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏதோ தட்டுற மாதிரி. டொக் டொக்னு."

"உலை நின்னு போச்சேண்ணே."

"அப்போ யாரோ தட்டுறாங்க."

"யாரு?"

தணிகாசலம் கண்களைச் சுழற்றினார். மாசிலாமணி தூரத்தில் உலையருகே நின்றார். மற்றவர்கள் கலத்துக்குள் தூங்கினார்கள். பக்கத்தில் வேறு ஆளே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். ஆனால் தயக்கம் அவரிடம் அதிக நேரம் தங்காது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்கதான் சட்டத்துல சாஞ்சு நிக்கிறீங்க."

மெர்சிலின் நிமிர்ந்தாள். சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். நடந்து போய், குரலும் எட்டாத, கையும் எட்டாத தூரத்தில் நின்றாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

தணிகாசலம் மறுபடி நெற்றியைத் தகட்டில் வைத்தார்.

டொக். டொக். டொக்.

கேலி செய்கிறாளா? எங்கேயாவது ஒரு மோட்டாரை ஒளித்து வைத்திருக்கிறாளா? அவருக்குக் கோபம் தலைக்கேறியது. சத்தம் வேகமானது.

உலைக்குள் குழம்பு இறுகிக்கொண்டிருந்தது. அது கல்லாகிப் போனால் எல்லோரும் இவரைத்தான் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் நிஜமாகவே பயம் வந்தது.

சத்தம் இன்னும் வேகமானது.

நெஞ்சுத் துடிப்பாக இருக்குமோ என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு வேறு கதியில் அடித்தது. இது கீழேயிருந்து வந்தது.

தணிகாசலம் குனிந்து பார்த்தார்.

அவருடைய வலது பூட்ஸ் சட்டத்தின் அடிக்கம்பி மேல் இருந்தது. அதன் முனை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கால்தான் அவர் கைக்குத் தாளம் சொன்னது. அங்கே இப்படியொரு சட்டத்தை அசைக்க கிரேன் வர வேண்டும். இங்கே எடை குறைவு; இந்தச் சட்டத்தை அவரே ஒரு கையால் தூக்கி வந்து இங்கே வைத்திருந்தார்.

அவர் காலை எடுத்து மெல்லத் தரையில் வைத்தார்.

மறுபடி கேட்டார். டொக் டொக் நின்றுபோயிருந்தது.

வெகுநேரம் அப்படியே சாய்ந்து நின்றிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நேரமில்லை. ரேடியோவைப் போட்டார்.

"மேடம்."

"சொல்லுங்கண்ணே."

"உலையை ஏத்தச் சொல்லுங்க."

"தரை அதிருமே?"

தணிகாசலம் இரண்டு கால்களையும் சட்டத்திலிருந்து தள்ளி ஊன்றிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தார்.

"அதிரட்டும்."