கூந்தல் தைல விளம்பரம்

கால்பந்தில் கோல் அடிக்க ஜெசிந்தாவை மிஞ்ச கன்னியாகுமரிக் கடற்கரையில் ஆளில்லை. அவளுக்கோ தோழிகள் ஆடும் அரசுக் கல்லூரியில் சேரத்தான் ஆசை. தனியார் கல்லூரித் தாளாளர் குணசீலன் விடவில்லை; தன் அணிக்கு அவள் வேண்டும் என்றார். காசு கொடுத்து அணிக்கு ஆள் பிடிக்கக்கூடாது என்பது பல்கலைக்கழக விதி; சந்தேகம் வந்தால் விசாரணைக் குழு கூப்பிடும். அதனால் அவளுக்குத் தரும் இரண்டு லட்சத்தைத் தன் மச்சானின் கூந்தல் தைல விளம்பரத்துக்கான சம்பளம் என்று காகிதம் தயார் செய்தார்.

"விசாரணைக் குழு கேட்டா, விளம்பரப் பணம், தினமும் இந்தத் தைலம்தான் தேய்க்கிறேன்னு சொல்லணும். ஒரு வார்த்தை மாறினாலும் நம்ம காலேஜ் பஸ் ஓட்டுற உங்கப்பனுக்கு வேலை இருக்காது."

"அப்படியே சொல்லுதேன் சார்."

விசாரணையன்று தொப்பியோடு வந்தாள். மச்சானும் தைலப் புட்டியோடு வந்திருந்தார்.

"எதுக்கும்மா பணம்?"

"விளம்பரத்துக்கு சார். தினமும் இந்தத் தைலம்தான் தேய்க்கேன்" என்று தொப்பியைக் கழற்றினாள். முந்தாநாள் வேளாங்கண்ணியில் போட்ட மொட்டை பளபளத்தது.

குழுவினர் புட்டியையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மச்சான் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, இவ எங்க தைலத்தைத் தொட்டதேயில்லை சார்! விளம்பரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இவளை டீமுக்கு இழுக்கப் பேசின காசு அது!"

ஜெசிந்தா தாளாளரைப் பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்தைகூட மாத்தலை சார். நாளைக்கு அப்பா பஸ் எடுக்கலாம்லா?"