கனல்கல்லும் சொல்லக் கூடாத சொல்லும்

பனிமலைக் காட்டில் சாமை என்றொரு பெண் முயல் இருந்தாள். அவளுடைய குட்டிகள் பிறந்தது ஒரு குகைக்குள். அந்தக் குகையில் ஒரு கல் இருந்தது. விறகு கேட்காது, புகை விடாது, ஆனால் இரவும் பகலும் கதகதவென்று சூடு தரும். கனல்கல் என்று பெயர். குகைக்குள் ஓடும் ஓடைத் தண்ணீர் அதன்மேல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல் வருவதற்கு முன்பெல்லாம் மார்கழிப் பனியில் முயல் குட்டிகள் விறைத்துச் செத்துப்போகும். சாமையின் தங்கைகள் அப்படித்தான் போனார்கள். அதனால் கல் என்றால் அவளுக்கு உயிர். அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மானும் குரங்கும் காட்டுப்பன்றிகளும்கூட அந்தக் குகையில்தான் குளிர்காயும். கல்லைக் காத்துவந்தவர் கரடி கம்பளியார். நல்லவர்தான். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். குகைக்குள் 'அணை' என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரக் கூடாது. வீட்டு விளக்கைக்கூட 'அணை' என்று சொல்ல நமக்கு நா கூசும் அல்லவா? அதே கதைதான். சொன்னால் கல் கோபித்துக்கொள்ளுமாம்!

ஒரு நாள் பக்கத்து மலையிலிருந்து வரையாடு ஒன்று தனியாக வந்து சேர்ந்தது. கொடியாள் என்பது அவள் பெயர். உடம்பெல்லாம் ரோமம் உதிர்ந்து கிடந்தது.

"எங்க மலையிலயும் ஒரு கனல்கல் இருந்துச்சு," என்றாள். "மண் சரிஞ்சு ஓடை அடைபட்டுப்போச்சு. கல்லு செவசெவன்னு சிவந்து வெடிச்சிருச்சு. கண்ணுக்குத் தெரியாத சாம்பல் புல்லு மேல எல்லாம் படிஞ்சிருச்சு. புல்லு பச்சையாத்தான் இருந்துச்சு. என் குட்டி அதைத் தின்னு..."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மான் நல்ல புல்லாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்தது. கொடியாள் மோந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தாள். பிறகு தலை நிமிர்ந்து கேட்டாள்.

"ஆமா, உங்க கல்லை எப்படி அணைப்பீங்க?"

குகையே அதிர்ந்தது.

"வாயைக் கழுவு!" என்று குதித்தது குரங்கு. "வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது!"

"அது உங்க மலைக் கல்லு. நம்ம கல்லு அப்படிப்பட்டதில்லை!" என்றது மான்.

"வம்பே வேண்டாம், தூக்கிப் போடுங்க அந்தக் கல்லை!" என்று உறுமியது காட்டுப்பன்றி.

"போட்டா என் பிள்ளைங்க பனியில சாகுமே!" என்று சீறினாள் சாமை.

கம்பளியார் கொடியாளைப் பார்த்து, "அம்மா, நீ கொஞ்ச நாள் வெளியவே இரு," என்று சொல்லிவிட்டார்.

சாமைக்கும் கோபம்தான். ஆனால் குட்டிகள் கல்லோடு ஒட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தபோது அவளுக்குக் கொடியாளின் குட்டி நினைவுக்கு வந்தது. காப்பாற்றுவதும் இதே கல். கொல்வதானால் அதுவும் இதே கல்!

விடிந்ததும் கம்பளியாரிடம் போனாள்.

"மாமா, ஒரு சந்தேகம். நம்ம கல்லை எப்படிக் குளிர வைக்கிறது?"

'குளிர வைப்பது' என்பது மங்கலமான சொல். கம்பளியார் கோபித்துக்கொள்ள வழியே இல்லை!

"தெரியாதும்மா," என்றார். "ஓடைச் சத்தம் கொஞ்சம் கொறைஞ்சாலே ராத்திரியெல்லாம் பயந்து முழிச்சுக் கிடக்கேன். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

பாவம், அத்தனை நாளும் அவர் அந்தப் பயத்தைத் தனியாகவே சுமந்திருக்கிறார்.

"தெரிஞ்சவளை வெளியே உக்கார வச்சிருக்கோமே மாமா! வாங்க, கேப்போம்!" என்றாள் சாமை.

கொடியாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மலை உச்சியைக் காட்டினாள். "அதோ ஒரு சுனை. எங்க மலையிலயும் இருந்துச்சு. அதுலேருந்து கல்லுக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டணும்னு எங்க யாருக்கும் தோணலை."

காட்டுப்பன்றிகள் மூக்காலேயே மண்ணைக் கிளறி வாய்க்கால் வெட்டின. அதன் வாயை மண்ணால் அடைத்து வைத்தன. "வேலையத்த வேலை!" என்று மரத்தில் இருந்தபடி கேலி செய்தது குரங்கு.

ஐப்பசி மழையில் மண் சரிந்தது. ஓடை நின்றது. கல் சிவக்கத் தொடங்கியது.

"வாய்க்காலைத் திறங்க!" என்று கத்தினாள் கொடியாள்.

பன்றிகள் முட்டி உடைத்தன. சுனைத் தண்ணீர் மொத்தமும் கல்மேல் கொட்டியது. குகை முழுக்க ஒரே ஆவி. கேலி செய்த குரங்குதான் சாமையின் குட்டிகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியது. கல் கறுத்துக் குளிர்ந்தது. வெடிக்கவில்லை!

ஆனால் சூடும் போய்விட்டது. ஓடையைச் சரிசெய்யும்வரை சுனைத் தண்ணீரை நிறுத்த முடியாது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. குட்டிகள் நடுங்கின. சாமைக்குத் தங்கைகளின் நினைவு வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

கொடியாள் உள்ளே வந்தாள். இப்போது அவளுக்கு ரோமம் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. குட்டிகளைத் தன் வயிற்றோடு சேர்த்துப் படுத்துக்கொண்டாள். அவளை ஒட்டி மான் படுத்தது. குரங்கும் வந்து ஒண்டிக்கொண்டது. நடுக்கம் மெல்ல நின்றது.

"அத்தை, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டது ஒரு குட்டி.

"அணைச்சுக்கிறது, கண்ணு."

"ஐயோ! அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதே!"

"சொல்லலாம், கண்ணு," என்றார் மூலையில் இருந்த கம்பளியார். "முதல்லயே சொல்லியிருக்கணும்."

அந்தப் பனிக்காலத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. கல்லை மறுபடி சூடாக விடலாமா, வேண்டாமா என்று காடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் இப்போது பேச்சே கொடியாளின் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நெருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறவர்கள், அதை அணைப்பது எப்படி என்று கேட்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது.